மத அமைப்புகள் நடத்தும் கல்லூரிகளுக்கு அரசு மானியம்: வழக்குப் போட்டால் நிற்குமா?

வைகைவாசி (கேள்வி)

வணக்கம். தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பல மத அமைப்புகள் நடத்துபவை. சென்னை லயோலா, திருச்சி ஜமால் முகமது, மயிலாப்பூர் விவேகானந்தா, பழனியில் தேவஸ்தானம் நடத்தும் கலைக் கல்லூரி என்று எல்லாச் சமயத்திலும் உண்டு. இவற்றில் அரசு ஒப்புதல் பெற்ற பணியிடங்களுக்குச் சம்பளம் கருவூலத்திலிருந்து போகிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, மதத்தை வளர்க்க வரிப்பணத்தைச் செலவிடக் கூடாது என்று அரசமைப்பின் 27ஆம் பிரிவு சொல்கிறதே, அதை வைத்து இந்த மானியத்தை எதிர்க்க முடியுமா? இரண்டு, கல்லூரிக்குள் சமய வகுப்போ வழிபாடோ நடந்தால் 28ஆம் பிரிவு மீறப்பட்டதாகுமா? மூன்று, வழக்கு என்று போனால் கையில் என்ன ஆவணம் இருக்க வேண்டும்?

எந்தச் சமயத்தையும் குறிவைத்துக் கேட்கவில்லை. சட்ட நிலை மட்டும் போதும்.

ஒத்தக்கடை

முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன். மூன்றாவதை விவரம் தெரிந்தவர்கள் தொடருங்கள்.

27ஆம் பிரிவை நிதானமாகப் படியுங்கள். வரிப்பணம் ஒரு மதத்தின் பக்கம் போகவே கூடாது என்று அதில் இல்லை. ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கோ பராமரிப்பதற்கோ என்று தனியாக ஒதுக்கப்பட்ட வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. தனியாக ஒதுக்கப்பட்ட என்ற சொல்லில்தான் பெரும்பாலான மனுக்கள் விழுகின்றன. கல்லூரி மானியம் பொது வருவாயிலிருந்து போகிறது. அதுவும் இயற்பியலும் வணிகவியலும் நடத்தும் ஆசிரியரின் சம்பளமாகப் போகிறது.

இதில் பழைய தீர்ப்பு நம்முடைய மாநிலத்தில் பிறந்ததுதான். 1954இல் முடிந்த சிரூர் மடம் வழக்கில் சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தின்கீழ் வசூலித்த தொகை கேள்விக்குள்ளானது. மத நிறுவனங்களின் சொத்தை ஒழுங்காக நிர்வகிக்கச் செய்வதுதான் அந்தச் செலவின் நோக்கம், மதத்தை வளர்ப்பதல்ல, எனவே 27 குறுக்கே வராது என்றது உச்ச நீதிமன்றம். ஆக, பணம் எந்த நிறுவனத்தின் பெயருக்குப் போகிறது என்பதைவிட எந்த நோக்கத்துக்குப் போகிறது என்பதுதான் அளவுகோல்.

அடுத்தது 2011ஆம் ஆண்டு பிரபுல் கோராடியா வழக்கு. ஹஜ் மானியத்தை எதிர்த்த மனு அது. மொத்த வரி வசூலில் கணிசமான பகுதி ஒரு மதத்துக்காகச் செலவானால்தான் 27 மீறப்படும் என்று சொல்லி, எடுத்துக்காட்டாக 25 சதவீதம் என்ற அளவையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. மனுதாரர் எவ்வளவு சதவீதம் செலவாகிறது என்ற விவரத்தையே மனுவில் வைக்கவில்லை என்பதும் தீர்ப்பில் சுட்டப்பட்டது. அந்த மானியம் நேரடியாகப் புனிதப் பயணத்துக்கே போனது, அப்போதும் மனு நிற்கவில்லை. கல்லூரிச் சம்பளத்தை எதிர்த்து 27ஐ மட்டும் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும்.

அரசமைப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1956இல் சேர்க்கப்பட்ட 290அ பிரிவுப்படி, திருவிதாங்கூரிலிருந்து நம்மோடு சேர்ந்த பகுதியின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும். அரசுப் பணமும் மதமும் தொட்டுக்கொள்ளவே கூடாது என்ற கோட்பாட்டில் எழுதப்பட்டதல்ல நம் அரசமைப்பு.

இனி 28. இதில் மூன்று உட்பிரிவு. முழுவதும் அரசு நிதியில் பராமரிக்கப்படும் நிறுவனத்தில் சமய போதனை கூடாது, இது முதலாவது. அரசு நிர்வகித்தாலும், சமய போதனை அவசியம் என்ற நிபந்தனையோடு ஏற்பட்ட அறக்கட்டளையின் நிறுவனத்துக்கு விலக்கு, இது இரண்டாவது. உங்கள் கேள்விக்கு உரியது மூன்றாவது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி பெறும் நிறுவனத்தில் படிப்பவரை, அவர் ஒப்புதல் இல்லாமல் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது.

உதவி பெறும் கல்லூரியில் நிலம், கட்டடம், பராமரிப்பு, ஒப்புதல் இல்லாத பணியிடங்களின் சம்பளம் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. எனவே அது "முழுவதும் அரசு நிதி" ஆகாது, முதல் உட்பிரிவு பொருந்தாது. அங்கே சமய போதனை நடப்பதே குற்றமில்லை. கட்டாயப்படுத்துவதுதான் மீறல். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சமயத்தைப் பற்றிப் பாடமாகப் படிப்பதும் சமய போதனையும் ஒன்றல்ல. 1971 டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் பல்கலைக்கழகம் ஆய்வுப் பொருளாக வைப்பது 28க்கு விரோதமல்ல என்று தீர்ப்பானது. பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடப் படிப்புக்கு நிதி கொடுத்ததை எதிர்த்து அறிவியலாளர் பி.எம். பார்கவா தொடுத்த வழக்கும் 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

பாளையங்கோட்டை

ஒத்தக்கடை நண்பர் சொன்னதோடு 30(2)ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிறுபான்மையினர் நிர்வாகம் என்ற காரணத்தைக் காட்டி மானியம் தருவதில் பாகுபாடு கூடாது என்கிறது அது. "மத நிறுவனக் கல்லூரிகளுக்கு மானியத்தை நிறுத்து" என்று பொதுவாகக் கேட்கும் மனு நேராக இந்தச் சுவரில் போய் மோதும்.

அரசே மானியத்தை ஆயுதமாக எடுத்தபோதும் நீதிமன்றம் விடவில்லை. குஜராத்தில் ஒரு கிறித்தவ சபை நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 80 சதவீத இடங்களை அரசு அனுப்பும் ஆட்களுக்கு ஒதுக்க வேண்டும், மறுத்தால் மானியமும் அங்கீகாரமும் போகும் என்று உத்தரவு வந்தது. 1962இல் சித்ராஜ்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கு முன்பே 1958இல், கேரளக் கல்வி மசோதா குறித்துக் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது, உரிமையைக் கைவிட்டால்தான் பணம் என்ற நிபந்தனை செல்லாது என்று சொல்லியாகிவிட்டது. நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்ற புகழ்பெற்ற வரியும் அதே கருத்துரையில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டுவதுதான் நேர்மை.

சம்பளம் யாருக்குப் போகிறது என்பதிலும் இப்போது தெளிவு வந்திருக்கிறது. உதவி பெறும் நிறுவனங்களில் ஆசிரியராக இருக்கும் கன்னியாஸ்திரிகளும் பாதிரியார்களும் வறுமை விரதம் எடுத்தவர்கள், சம்பளத்தைச் சபைக்கே ஒப்படைத்துவிடுகிறார்கள், ஆகவே வருமான வரி பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வழக்குகள் போயின. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019 மார்ச்சில் வரித்துறை பக்கம் நின்றது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் 93 மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. சம்பளம் அந்தத் தனிநபரின் வருமானம், அதை அவர் பிறகு யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு. வரி விஷயத்தில் வந்த தீர்ப்புதான், ஆனாலும் "அரசு சபைக்குப் பணம் கொடுக்கிறது" என்று வாதிடுபவருக்கு இது பாதகம். வேலை செய்தவருக்குக் கூலி போகிறது என்று கல்லூரித் தரப்பு சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

வைகைவாசி

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 28(3)தான் உண்மையான வழி போலிருக்கிறது. ஒரு சந்தேகம். சேர்க்கை விண்ணப்பத்தில் "கல்லூரியின் எல்லா விதிகளுக்கும் கட்டுப்படுவேன்" என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அதையே ஒப்புதல் என்று சொல்லிவிட மாட்டார்களா? மதரசா வழக்குகளில் உ.பி.யிலும் அசாமிலும் வேறு வேறாகத் தீர்ப்பு வந்ததே, அதற்கு என்ன காரணம்?

ஒத்தக்கடை

ஒப்புதல் பற்றி முதலில். எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று 28(3) சொல்லவில்லை. ஆனால் எதற்கு ஒப்புதல் என்பது தெரிய வேண்டுமல்லவா? பொதுவான ஒரு வரியில் வாங்கிய கையெழுத்து, காலை வழிபாட்டுக்கும் வாரம் ஒரு சமய வகுப்புக்கும் தந்த ஒப்புதலா என்று கேட்டால் கல்லூரிக்குப் பதில் சொல்வது கடினம்.

இதில் எல்லாரும் கோட்டைவிடும் இடம் வயது. மாணவர் உரிய வயது அடையாதவர் என்றால் பாதுகாவலர் ஒப்புதல் தர வேண்டும் என்று அதே உட்பிரிவில் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து ஜூன் மாதம் இளங்கலை சேர்பவர்களில் பலருக்கு 18 நிரம்பியிருக்காது. மாணவர் மட்டும் போட்ட கையெழுத்து அங்கே செல்லாது. மனுவில் பிறந்த தேதி, சேர்ந்த தேதி இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

கல்லூரிகளுக்கும் இதையே சொல்வேன். சமய வகுப்பு வைத்திருந்தால் அதற்கென்று தனி ஒப்புதல் படிவம் வையுங்கள், பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விடுங்கள், வேண்டாம் என்பவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு வையுங்கள். கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று பிரித்து நடத்தும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அது ஒழுங்காக நடக்கும் இடத்தில் வழக்குக்கு வேலையே இல்லை. வழிபாட்டு வருகையை 75 சதவீத வருகைக் கணக்கோடு கோப்பது, வராதவருக்கு அபராதம், உள் மதிப்பெண்ணில் வெட்டு, இவைதான் பிரச்சினையைக் கிளப்புபவை.

இன்னொரு முக்கியமான விஷயம்: 28(3) மானியம் வாங்கும் கல்லூரிக்கு மட்டும் அல்ல. அங்கீகாரம் பெற்றிருந்தாலே போதும். ஆகவே "அது சுயநிதிப் பிரிவு, அரசுப் பணமே இல்லை" என்ற பதில் எடுபடாது.

மாம்பலம் 33

மதரசா வழக்குகளுக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டு தீர்ப்பும் முரண்படவில்லை, அடிப்படை உண்மைகள் வேறு.

அசாமில் பல மதரசாக்களை மாநில அரசே ஏற்றுக்கொண்டு, ஊழியர்களை அரசு ஊழியர்களாக்கி, முழுச் சம்பளமும் கொடுத்து வந்தது. 2020இல் அதற்கு வழிசெய்த சட்டத்தை நீக்கி அவற்றைப் பொதுப் பள்ளிகளாக மாற்றியது. 2022 பிப்ரவரி 4 அன்று கவுகாத்தி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. முழுவதும் அரசு நிதியில் நடப்பவை ஆகிவிட்டதால் 28(1)படி சமய போதனை கூடாது, அரசு நிறுவனமாகிவிட்டதால், சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தரும் 30ஆம் பிரிவின் பாதுகாப்பும் கிடையாது என்பது காரணம். தனியார் மதரசாக்களை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் தனியார் நடத்துபவற்றை வாரியம் அங்கீகரிக்கிறது, சிலவற்றுக்கு அரசு உதவியும் உண்டு. 2004ஆம் ஆண்டு மதரசாக் கல்வி வாரியச் சட்டம் முழுவதையும் அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று அஞ்சும் கத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. சட்டம் செல்லும். ஆனால் பட்ட நிலையில் உள்ள காமில், ஃபாசில் இரண்டும் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தோடு மோதுவதால் அந்தப் பகுதி மட்டும் செல்லாது. கல்லூரி அளவில் யோசிப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். பட்டம் வழங்கும் அதிகாரம் வேறு, நிறுவனம் நடத்தும் உரிமை வேறு.

மனு எழுதுபவர்கள் அந்தத் தீர்ப்பில் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "மதச்சார்பின்மை என்ற அடிப்படைக் கட்டமைப்பு மீறப்பட்டது" என்று பொதுவாகச் சொல்லி ஒரு சட்டத்தை வீழ்த்த முடியாது. மதச்சார்பின்மையைத் தாங்கும் குறிப்பிட்ட பிரிவு எது, அது எப்படி மீறப்பட்டது என்று காட்ட வேண்டும். நம் ஊரில் எழுதப்படும் மனுக்களில் பாதிப் பக்கம் முகப்புரையை மேற்கோள் காட்டியே தீர்ந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நேர்மாறான வழக்கும் இங்கே உண்டு. கோயில் நிதியில் பொதுக் கல்லூரி தொடங்கலாமா என்ற கேள்வி. கொளத்தூர் கபாலீசுவரர் கலை அறிவியல் கல்லூரி உள்ளிட்டவை தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் இடைக்கால உத்தரவிட்டது. தொடங்கிய கல்லூரிகள் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டு நடக்கலாம், இந்து சமயக் கல்வியும் அங்கே இருக்க வேண்டும், புதியவை தொடங்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. அங்கே பணமே கோயிலுடையது, எனவே 28(1)இன் தடை வராது. எது யாருடைய பணம் என்று முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

நியூஆர்க் தமிழன்

அமெரிக்க வழக்குகளை இங்கே அப்படியே மேற்கோள் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே கேள்வியின் அமைப்பே வேறு. அரசு மதத்தை நிறுவக் கூடாது என்ற வாசகம் அவர்களுக்கு உண்டு, நமக்கு இல்லை. நம்முடைய 30(2) போன்ற ஒன்று அவர்களுக்கு இல்லை.

அப்படி இருந்தும், 1971இல் டில்டன் வழக்கில் கனெக்டிகட் மாநிலத்தின் நான்கு கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு மத்திய அரசு தந்த கட்டட நிதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஏற்றது. 20 ஆண்டுக்குப் பிறகு கட்டடத்தை எதற்கும் பயன்படுத்தலாம் என்ற சலுகையை மட்டும் அடித்தது. நாளைக்கு அதே கட்டடம் தேவாலயமாக மாறிவிடலாமே என்பது காரணம். 2004இல் லாக் எதிர் டேவி வழக்கில், போதகர் பயிற்சிப் படிப்புக்கு உதவித்தொகை தர மறுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றார்கள். ஆனால் 2017 முதல் 2022 வரை வந்த மூன்று தீர்ப்புகளில், பொதுவாக எல்லாருக்கும் தரும் உதவியை மத நிறுவனம் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்ற பக்கம் காற்று திரும்பிவிட்டது.

நியூ ஜெர்சி வழக்கில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2013இல் லேக்வுட்டில் உள்ள யூத சமயக் கல்லூரி ஒன்றுக்கு 1.06 கோடி டாலரும், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரிக்கு 6,45,313 டாலரும் மாநிலம் ஒதுக்கியது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் அவர்கள் நேரடியாகத் தீர்ப்பு சொல்லவில்லை. அங்கே என்ன பாடம் நடக்கிறது, பணம் எதற்குச் செலவாகும் என்ற உண்மைகளே பதிவில் இல்லை, முதலில் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பாடத்திட்டமும் செலவுக் கணக்கும் இல்லாமல் கொள்கையை மட்டும் வாதிட்டால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும்.

தென்கரை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், ஆவணங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆரம்பியுங்கள். கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "மானியம் பற்றிய எல்லா விவரமும்" என்று கேட்காதீர்கள், பதில் வராது. குறிப்பிட்ட கல்லூரியில் பாடவாரியாக ஒப்புதல் பெற்ற பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, கடந்த மூன்று நிதியாண்டில் விடுவித்த கற்பித்தல் மானியம் எவ்வளவு, மானிய ஆணையின் நகல், கடைசித் தணிக்கைத் தடை (கணக்குத் தணிக்கையில் எழுந்த ஆட்சேபம்) அறிக்கையின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கல்லூரிக்கே நேரடியாகவும் மனுப் போடலாம். "நாங்கள் தனியார்" என்று திருப்பினால் 2019 செப்டம்பர் 17ஆம் தேதியிட்ட டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை தீர்ப்பைச் சுட்டுங்கள். அரசு நிதியில் கணிசமாக நடக்கும் கல்லூரி பொது அதிகார அமைப்புதான், கணிசம் என்றால் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்றும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கல்லூரியிடம் கேட்க வேண்டியவை வேறு: கால அட்டவணை, விவரக் கையேடு, சமய வகுப்பை நடத்துபவரின் பதவி, அவர் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பது.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் மிகவும் அழுத்துவேன். பொருளியல் பணியிடத்தில் அரசுச் சம்பளம் வாங்கும் ஒருவரின் பணிநேரத்தில் வாரம் ஆறு மணி சமய வகுப்புக்குப் போனால், அது மானியத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவது. அங்கே மதத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை, மானிய நிபந்தனை மீறல் என்று தணிக்கையிடம் போகலாம், வழக்கைவிட வேகமாக வேலை நடக்கும். கல்லூரி தன் சொந்த நிதியில் ஆள் வைத்து நடத்தினால் இந்தப் புகார் எழாது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். மேலே 30(2)ஐப் படித்துவிட்டு, மானியம் என்பது சிறுபான்மைக் கல்லூரிக்கு அசைக்க முடியாத உரிமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அபய் நந்தன் இன்டர் கல்லூரி வழக்கில், அரசு உதவி அடிப்படை உரிமை அல்ல, கொள்கை முடிவாக அதை நிறுத்தினால் உரிமையாகக் கேட்க முடியாது, வாங்கினால் நிபந்தனையோடுதான் வாங்க வேண்டும், சிறுபான்மை நிறுவனத்துக்கும் மற்றவற்றுக்கும் இதில் வேறுபாடு இல்லை என்று தீர்ப்பு வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி நிறுத்தலாம். மதம் பார்த்து நிறுத்துவதுதான் கூடாது.

இவ்வளவும் கையில் வந்த பிறகு உயர்கல்வித் துறைச் செயலர், கல்லூரிக் கல்வி இயக்குநர், மண்டல இணை இயக்குநர், கல்லூரிச் செயலர் நால்வருக்கும் பதிவுத் தபாலில் கோரிக்கை மனு அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். இது இல்லாமல் உயர் நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவில் ரிட் மனு போட்டால், முதலில் அதிகாரியிடம் போங்கள் என்று ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். திருச்சி, தஞ்சை உட்பட தென் மாவட்டக் கல்லூரி என்றால் மதுரைக் கிளை.

பொதுநல வழக்கைவிடப் பாதிக்கப்பட்ட மாணவரோ பெற்றோரோ தன் பெயரில் போடும் ரிட் வலுவானது. கோரிக்கையைச் சுருக்கமாக எழுதுங்கள். "மானியத்தை நிறுத்த உத்தரவிட வேண்டும்" என்ற வரி வேண்டாம். இந்தக் கல்லூரியில், ஒப்புதல் தராத மாணவரைச் சமய வகுப்புக்கோ வழிபாட்டுக்கோ வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, அதை வருகைக் கணக்கிலும் உள் மதிப்பெண்ணிலும் சேர்க்கக் கூடாது என்று மட்டும் கேளுங்கள். அபராத ரசீது, வருகைப் பதிவின் நகல், துறைத் தலைவர் அனுப்பிய வாட்ஸ்அப் அறிவிப்பு ஆகியவற்றை இணையுங்கள். வாட்ஸ்அப் படத்தை இணைப்பதென்றால் மின்னணு ஆவணத்துக்கான சான்றையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், பிறகு தேட வேண்டியிருக்காது.

வைகைவாசி

போதும், தெளிவாகிவிட்டது. முதலில் இணை இயக்குநருக்குத் தகவல் மனு, கூடவே கல்லூரிக்கு ஒன்று. பணியிடப் பட்டியலும் கால அட்டவணையும் வந்ததும் இரண்டையும் பொருத்திப் பார்த்து இதே இழையில் கேட்கிறேன்.